பிரேக்காரர் வீட்டு ஆபீசர்

என் கணவரின் வலது கால் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் போனால் முன் சீட்டின் அடியை உதைத்துக்கொண்டே வருவார். முன்னால் இருப்பவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்றாவது தரம் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விடுவார். டி.வி.யில் யாராவது மாடிப்படியில் வேகமாக இறங்கினால் போதும், இவர் இங்கே தரையை ஓர் அழுத்து அழுத்துவார். கொதிக்கிற டீப் பாத்திரத்தை நான் அடுப்பிலிருந்து மேடைக்கு மாற்றும்போது பின்னால் டொக்கென்று சத்தம் கேட்கும். சோபாவுக்கு முன்னால் அந்த ஓர் இடத்தில் மட்டும் தரை தேய்ந்து கிடக்கிறது.

இருபத்து மூன்று வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து சீட்டில் இவர். இவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்து வந்தால் போடுவதற்காக வைத்தது. இவருக்கு எப்போதும் ஆபத்துதான். தெருக்கோடியில் ஒரு சைக்கிள் தெரிந்தால் இங்கே பிரேக் விழும். சிக்னலில் பச்சை எரிந்தாலும், அது மாறிவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒரு தரம் விழும். ஊரில் இவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பிரேக்காரர் என்றால் டீக்கடைக்காரர்கூட வீட்டைக் காட்டுவார்.

இதில் மனிதருக்குப் பெருமை வேறு. இத்தனை வருஷத்தில் தன் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பார். உண்மைதான். ஆனால் இவரிடம் கற்றுக்கொண்ட யாரும் முதல் டெஸ்டில் பாஸ் ஆனதும் இல்லை. டெஸ்ட் அன்றைக்கு இவர் இறங்கிப் போய் டெஸ்ட் மைதானத்து வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். அதிகாரி ஏறிப் பக்கத்தில் உட்கார்வார். அவர் எதையும் மிதிக்க மாட்டார், அட்டையும் பேனாவுமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று மாதம் தானாக நின்று பழகிய வண்டி அன்றைக்கு மட்டும் நிற்காது. நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் இவர் மண்ணை மிதித்துக்கொண்டு நிற்பார்.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்றால், நானும் அந்த வண்டியில் உட்கார்ந்தவள்தான். கண்ணாடிக் கடையில் கண் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லைசென்ஸ் எடுக்கலாம் என்று ஆசைப்பட்டு இவரிடம் போனேன். நான்கு தரம் டெஸ்டுக்குப் போனேன், நான்கு தரமும் கோட்டைத் தாண்டினேன். ஐந்தாம் தரம் விண்ணப்பம் போடுவதற்குப் பதிலாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டோம். இன்று வரை எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

ஒரே மகள். போன வருஷம் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். அவள் போன பிறகு வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையிலிருந்து வந்தால் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். துவைத்த துணியை மறுபடி மடிப்பேன், மூடிய ஜன்னலை மறுபடி மூடுவேன். இவர் ஒரு பக்கம் காலைத் தட்டிக்கொண்டிருப்பார். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர்கூட நிம்மதியாக உட்காரவில்லை. அப்போதுதான் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் தன் வீட்டு நாய் ஆறு குட்டி போட்டிருப்பதாகச் சொன்னார். யாரையும் கேட்காமல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதைக் கொண்டுவந்த பையிலேயே அது மூத்திரம் போயிருந்தது.

பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். வந்ததும் வராததுமாக ஒவ்வோர் அறைக்குள்ளும் போய் மோப்பம் பிடித்துவிட்டு, கூடத்தின் நடுவில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தது. இவர் முகம் வெளிறிவிட்டது. டெஸ்ட் எடுக்கிற ஆபீசர் இப்படித்தான் பார்ப்பார் என்றார். அன்றிலிருந்து அதன் பெயர் ஆபீசர்.

ஆபீசர் பண்ணிய அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. தரையில் பேப்பர் விரித்து வைத்தால், பேப்பர் நனையாமல் அதைச் சுற்றி நான்கு பக்கமும் நனைத்துவிட்டு வரும். டி.வி. ரிமோட்டில் எட்டும் ஒன்பதும் போயின. கடையிலிருந்து சரிபார்க்கக் கொண்டுவந்த மூன்று கண்ணாடி பிரேம்களில் ஒன்றின் காதுக் கம்பியைத் தின்றுவிட்டது. நான் நடந்தால் கணுக்காலைக் கவ்விக்கொண்டு கூடவே வழுக்கிக்கொண்டு வரும். மாடிப்படியில் யார் காலடி கேட்டாலும் குரைக்கும், ஏறுகிறவர் இறங்கிப் போன பிறகும் குரைக்கும். எல்லாவற்றுக்கும் மேல் செருப்பு. செருப்பு, ஷூ, சாக்ஸ் எதைக் கண்டாலும் அதற்குப் புத்தி பேதலித்துவிடும். நான் திட்டினால் வாலை ஆட்டும். எனக்கு அழுகையும் வந்தது சிரிப்பும் வந்தது, ஆனால் வீட்டில் ஒரு நிமிஷம்கூட நான் சும்மா நடந்துகொண்டிருக்கவில்லை.

ஆறாவது நாள் கீழ் வீட்டு சிஸ்டர் மேலே வந்தார். வீடு அவருடையது. ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். கையில் ஒற்றைச் செருப்பு, அதில் பாதி இல்லை. கண்கள் சிவந்திருந்தன. கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை.

"அக்கா, எனக்கு நாயும் விரோதி இல்ல, நீங்களும் விரோதி இல்ல. எனக்குத் தூக்கம் வேணும், ஒரு ஜோடி செருப்பு வேணும். இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். சரியாகலைன்னா அது இங்க இருக்கக் கூடாது."

ஞாயமான பேச்சு. இவர்தான் முன்னால் வந்து, கவலையே படாதீங்க சிஸ்டர், கத்துக்கொடுக்கிறதுதான் என் தொழில் என்றார். எனக்கு அங்கேயே பகீரென்றது.

மறுநாளே பாடத்திட்டம் தயார். டிரைவிங் ஸ்கூல் நோட்டில் தேதி போட்டு எழுதினார். முதல் வாரம் நேராகப் போவது. இரண்டாம் வாரம் திரும்புவது, நிற்பது. மூன்றாம் வாரம் நெரிசலான தெரு. சிவப்புக் கழுத்துப்பட்டை ஒன்றும், கெட்டியான நாடா ஒன்றும் வாங்கி வந்தார். நாடாவைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு பிடித்தால், நாய்க்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருக்கும். ஆபீசர் தலையைத் திருப்புவதற்குள் ஓர் இழுப்பு. மூக்கை நீட்டுவதற்குள் ஓர் இழுப்பு. அது என்ன நினைக்கிறது என்று அதற்கே தெரியும் முன்பு இவருக்குத் தெரிந்துவிடும்.

விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பி இரண்டு மணி நேரம் நடப்பார்கள். பேக்கரி வாசல், பெட்ரோல் பங்க், ரயில்வே கேட், அப்படியே சுற்றி மார்க்கெட் பின்பக்கம். அதில் ஒரு நல்லது நடந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. அத்தனை தூரம் நடந்த அலுப்பில் ஆபீசர் பகல் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் நீட்டி நிமிர்ந்து தூங்கிவிடும். மாடிப்படியில் காலடி கேட்டால் ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொள்ளும். குரைப்பு நின்றது. சிஸ்டரும் தூங்கினார். ஒருநாள் படியில் பார்த்தபோது, இப்போ தேவலை அக்கா என்றார்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் தெருவில் நாடாவோடு நடத்திக் காட்டுவார். ஆபீசர் இவர் முழங்காலை ஒட்டியபடி, இடமும் வலமும் பார்க்காமல், சிப்பாய் மாதிரி நடக்கும். எதிர் வீட்டு எலக்ட்ரீஷியன் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, எங்க பசங்களையும் உங்ககிட்ட அனுப்பறேன் என்றார். ஆனால் வீட்டுக்குள் வந்து நாடாவைக் கழற்றியதும் அது சோபாவில் ஏறி, திரைச்சீலையில் தொங்கி, என் கைப்பையைக் கவிழ்த்து, நான்கு காலும் ஒரே சமயத்தில் நான்கு பக்கம் போகிற மாதிரி ஓடும். அதைப் பற்றிக் கேட்டால், அது வெளையாட்டு நேரம் என்று சப்பைக்கட்டு கட்டினார். செருப்புகளை எல்லாம் நான் பீரோவில் பூட்டி வைத்திருந்ததால் விஷயம் வெளியே வரவில்லை.

கடைசி வாரம் புதன்கிழமை சாயங்காலம், அவசரக்குடுக்கை மாதிரி இவரே போய் சிஸ்டரை வாசலுக்குக் கூப்பிட்டார். ஞாயிறு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே பாருங்கள் என்று. ஆபீசர் நாடாவோடு போனது, வந்தது, நின்றது, உட்கார்ந்தது. சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு, நாடாவைக் கழட்டுங்க சார் பாக்கலாம் என்றார்.

இவர் தயங்கினார். கழுத்துப்பட்டை புதுசு, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஏதோ உளறினார். எனக்குப் பொறுக்கவில்லை. கழட்டுங்களேன் என்று சொன்னது நான்தான், அந்தப் பாவத்தை வேறு யார் தலையிலும் போட முடியாது. கொக்கி விட்ட சத்தம் கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை, ஆபீசர் அங்கே இல்லை. சிஸ்டர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ராத்திரி டியூட்டிக்காக வெளுத்துக் காயவைத்திருந்த வெள்ளை ஷூ இரண்டும் பின்வாசலில் இருந்தன. நாங்கள் மூன்று பேரும் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் ஒன்றின் நாக்கு தனியாக வந்துவிட்டது. இன்னொன்று துணி அலசுகிற வாளிக்குள், சோப்புத் தண்ணீரில் முங்கிக் கிடந்தது.

அன்றைக்கு சிஸ்டர், வீட்டுக்குள் போடுகிற செருப்போடு டியூட்டிக்குப் போனார். மேட்ரன் எல்லோர் முன்னிலையிலும் திட்டினாராம். மறுநாள் காலை என்னிடம் சொல்லிவிட்டார். அவருடைய அண்ணன் ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் வாட்ச்மேன். அங்கே காவலுக்கு நாய் வேண்டும். ஞாயிறு காலை வந்து கூட்டிப் போவார். பேச்சு முடிந்தது என்பது அவர் கதவைச் சாத்திய விதத்திலேயே தெரிந்தது.

வியாழக்கிழமை கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கிடங்கைப் பார்க்கப் போனேன். தகரக் கூரை, உள்ளே அட்டைப் பெட்டிகள். அண்ணன் தப்பான மனிதர் இல்லை, நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, டீக்கும் சொன்னார். முன்பு இருந்த நாய் எங்கே கட்டியிருந்தது என்று கேட்டேன், காட்டினார். சுவரில் ஒரு கொக்கி. நான்கு அடிச் சங்கிலி. கொக்கியைச் சுற்றிச் சங்கிலி போகிற தூரம் வரைக்கும் புல் இல்லை, மண் வட்டமாகத் தேய்ந்து பள்ளமாக இருந்தது. எத்தனை வருஷம் இருந்தது என்றேன். பதினொன்று என்றார். அவிழ்த்து விடுவீர்களா என்று கேட்டதற்கு, அவிழ்த்தா ஓடிடுமேம்மா என்றார். நான் டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் கூடத்தில் நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு ஆபீசரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடத்திக்கொண்டிருந்தார். இன்னும் குட்டையாகப் பிடித்திருந்தார். ஒரு முழம் இப்போது ஒரு சாண். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ.

"அதை விடுங்க. நீங்க யாருக்கும் எதையும் கத்துக்கொடுத்ததில்ல, தெரியுமா? எல்லா வண்டியையும் நீங்கதான் ஓட்டினீங்க. நாங்க உக்காந்திருந்தோம். நாலு தரம் ஃபெயில் ஆனப்போ என் காலு சரியில்லைன்னு அழுதேன் நான். என் காலுக்கு என்ன கேடு? அதுக்கு வேலையே வரலை."

இவர் நாடாவை விடவில்லை. ஒரு கீறல் விழுந்ததில்லை என்று ஆரம்பித்தார். ஒருத்தர் பாஸ் ஆனதில்லை என்றேன் நான். ஆபீசர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. கடைசியில் அவர் சோபாவில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"போடாம விட்டா என்ன ஆகும்னு பாக்கற தைரியம் எனக்கு இல்லம்மா. கொஞ்சம் முன்னாடி போட்டுட்டா, அப்புறம் பாக்க வேண்டிய அவசியமே இல்லையே."

இருபத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறோம். இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

இனிமேல் நான் சொல்கிறபடி என்றேன். கடையில் கண் பார்க்கும்போது எழுத்து அட்டையைக் காட்டி, இது தெரியுதா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் உதட்டை அசைத்தாலே போதும், எதிரில் இருக்கிறவர் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவார். கண்ணாடி தப்பாகப் போய்விடும். அவரே தட்டுத் தடுமாறிக் கண்டுபிடிக்கும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். அதையே நாய்க்கும் செய்து பார்ப்போம் என்றேன். மூன்று நாள் இருந்தது.

என் பழைய செருப்பைக் கூடத்தின் நடுவில் வைத்தோம். நாடா இல்லை. இவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். பேசக் கூடாது, இழுக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. அது தானாக விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்த்தால், அந்த நொடியில் ஒரு துண்டு பிஸ்கட். அவ்வளவுதான். ஆபீசர் பாய்ந்து செருப்பைக் கவ்வியது. இவர் நாற்காலி கிரீச்சிட்டது. உட்காருங்க என்றேன். வாரைக் கடித்தது, குதிகாலைக் கடித்தது, தூக்கிப் போட்டுப் பிடித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொரு நிமிஷம். இவர் நெற்றியில் வியர்வை வழிந்தது, கால் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. தன்னை யாரும் ஒன்றும் செய்யவில்லையே என்று அதற்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். செருப்பை வாயிலிருந்து நழுவவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. பிஸ்கட்டை வீசினேன்.

இரண்டாம் தரம் ஒன்பது நிமிஷம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நான்கு. வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போக வேண்டியிருந்தது, அங்கே ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் எழுதிவிட்டுத் திருத்தினேன். மனம் முழுக்க வீட்டில். மத்தியானம் போன் பண்ணினால், ஒண்ணரை நிமிஷம் என்றார் எடுத்த எடுப்பில். சனிக்கிழமை சாயங்காலம் ஆபீசர் செருப்பைக் கவ்வுவதற்கு முன்பே ஒரு தரம் நின்று யோசித்தது. யோசித்துவிட்டுக் கவ்வியது. அப்படி நின்றபோது நான் இவரைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்காமல் இருந்தால்தான் கையைக் கட்ட முடிகிறது என்றார். சரி, அதுவாவது முடிகிறதே என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை எட்டரைக்கு சிஸ்டர் டியூட்டி முடிந்து வந்தார். அண்ணன் அதற்கு முன்பே வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் சங்கிலி. நான் சிஸ்டரிடம் கெஞ்சினேன். ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்று. அவர் அலுத்துப்போயிருந்தார், நின்றுகொண்டே தூங்குகிற முகம். ஆனாலும் மேலே வந்தார். புதுசாக வாங்கிய வெள்ளை ஷூவைக் கழற்றி எங்கள் கூடத்துத் தரையில் வைத்தார்.

"இதைத் தொடாம இருந்தா யோசிக்கறேன் அக்கா. தொட்டா என்கிட்ட பேசக் கூடாது."

ஆபீசர் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. நாடா இல்லை, கழுத்துப்பட்டைகூட இல்லை. இவர் சுவரோரமாக நின்று கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டார். நான் அடுக்களை வாசலில் நின்றேன். ஷூவைப் பார்த்ததும் அதன் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. புதுத் தோல் வாசனை, பாவம், அது என்ன செய்யும். மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வந்தது. நான்கு அடி. இரண்டு அடி. சிஸ்டர் குனிந்து பார்த்தார். அண்ணனும் படியிலிருந்து எழுந்து கூடத்துக்குள் வந்து பார்த்தார். ஷூவின் நாடா நுனிக்கும் அதன் மூக்குக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருந்தபோது ஆபீசர் நின்றது. வாயை மூடிக்கொண்டது. தலையைத் தூக்கி, திரும்பி, இவர் நின்ற பக்கம் பார்த்தது.

அப்போது டொக்கென்று தரை அதிர்ந்தது. இவர் கால்தான்.

ஆபீசர் ஓர் ஆள் உயரம் துள்ளி, ஷூவை உருட்டிவிட்டு, அண்ணனின் முழங்காலில் மோதி, குரைத்துக்கொண்டே சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. எனக்கு ஆத்திரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார்.

"போச்சா?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

பிறகு அவரே ஆணியில் தொங்கிய சிவப்புப் பட்டையை எடுத்தார். சோபாவுக்கு முன்னால் மண்டியிட்டு, உள்ளே கைவிட்டுத் தடவி, ஆபீசரை வெளியே எடுத்தார். பட்டையின் கொக்கியை இரண்டு தரம் தப்பாக மாட்டிவிட்டு மூன்றாம் தரம் சரியாக மாட்டினார். அது அவர் மணிக்கட்டை நக்கியது. அண்ணனிடம் நீட்டி, என் தப்புங்க, நாய் மேல ஒண்ணும் இல்ல, கொஞ்சம் நீளமான சங்கிலியாப் போடுங்க என்றார். அவர் அழுது நான் பார்த்தது மகளை பஸ் ஏற்றிவிட்ட அன்றைக்கு ஒரு தரம், அதற்கப்புறம் இப்போதுதான்.

அண்ணன் கையை நீட்டப் போனார். சிஸ்டர்தான் தடுத்தார்.

"எங்க கூட்டிட்டுப் போறது? அது நின்னுடுச்சே சார். நீங்க காலைப் போடறதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

இவர் புரியாமல் அவரையே பார்த்தார். சிஸ்டர் ஷூவைக் குனிந்து எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஈரம்கூட இல்லை. நாய் இருக்கட்டும், இவரைக் கொஞ்சம் கட்டிப் போடுங்க அக்கா என்று என்னிடம் சொல்லிவிட்டு, கொட்டாவியோடு படியிறங்கினார். அண்ணன் பிளாஸ்டிக் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

இவர் இன்னும் மண்டியிட்டபடியே இருந்தார். மடியில் ஆபீசர் பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"நிஜமாவே தானா நின்னுச்சா?"

நின்னுச்சு என்றேன்.

"யாரும் ஒண்ணும் பண்ணாமலா?"

யாரும் ஒண்ணும் பண்ணலை என்றேன். எவ்வளவு தூரத்தில் என்று கேட்டார். இரண்டு விரலைக் காட்டினேன். என் விரல்களை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். நின்ன பிறகு என்ன பண்ணியது என்று கேட்டார். திரும்பி உங்களைத்தான் பார்த்தது என்றேன். அவரிடம் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். அவர்களில் ஒருவராவது தானாக நின்றிருப்பாரா என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி அவர் ஒரு நொடிகூட விட்டுவைத்ததில்லை. இன்றைக்கு ஒன்று நின்றது, அதுவும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"நான் பாக்கலையேம்மா," என்றார்.